பழைய பிளேட்டிங் பட்டறை மனை: ரெண்டடி மண் எடுத்துட்டா போதுமா?

3 ஆகஸ்ட் 2025 – கேள்வி

வாலாஜா பக்கம் மூணு சென்ட் மனை ஒண்ணு வந்திருக்கு. முன்னே குரோம் பிளேட்டிங் பட்டறை ஓடின இடம். எட்டு வருஷமா பூட்டிக் கிடந்து இப்போ ஷெட்டையும் பிரிச்சுட்டாங்க. பின் மூலையில மண்ணு மஞ்சளா இருக்கு. புரோக்கர், "ரெண்டடி வழிச்சுட்டு செம்மண் அடிச்சா முடிஞ்சுது, அதுக்குத்தான் பாதி விலை"ங்கறார். எனக்கும் சரின்னுதான் படுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

3 ஆகஸ்ட், இரவு 10.40

பாதி விலைன்னா மீதிப் பாதி எங்கே போச்சுன்னு கேளுங்க தம்பி. மண்ணுக்குள்ள இருக்கு. அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. கொடுத்தாச்சுன்னா சொல்லுங்க, வேற மாதிரி பேசணும்.

தொட்டி எந்த இடத்துல இருந்தது, சாமான் கழுவின தண்ணி எந்தப் பக்கம் போச்சு, பக்கத்துக் கிணத்துல எத்தனை அடியில தண்ணி நிக்குது, இதையெல்லாம் விசாரிச்சு வைங்க. புரோக்கர்கிட்ட இல்லை. அங்கே வேலை பார்த்தவங்க யாராவது டீக்கடையில கிடைப்பாங்க.

4 ஆகஸ்ட், காலை

நேத்து அவசரத்துல அடிச்சது. இன்னிக்கு கொஞ்சம் உட்கார்ந்து எழுதறேன். தண்ணியும் மண்ணும் சோதிக்கிற ஒரு தனியார் லேப்ல பத்தொன்பது வருஷம் இருந்தவன் நான். இந்த மஞ்சள் எனக்குப் பழக்கம்.

பளபளன்னு பூசறதுக்கு தொட்டியில ஊத்தி வெச்சிருப்பாங்களே, அது குரோமிக் ஆசிட். அதுல இருக்கற குரோமியத்தை லேப்ல "ஹெக்ஸா"ன்னு சொல்வோம். குரோமியத்துல ரெண்டு முகம் முக்கியம். மூணுங்கறது சாது, மண்ணைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடும். ஆறுங்கறதுதான் இந்த ஹெக்ஸா, ஊர் சுத்தி. தண்ணி போற பக்கமெல்லாம் கூடவே போகும், களிமண்ணு கூட அதைச் சரியாப் பிடிச்சு வைக்காது. காரணம், களிமண்ணும் எதிர்மின், ஹெக்ஸாவும் எதிர்மின். ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஓரகத்திங்க மாதிரி ஒட்டவே ஒட்டாது.

அதனால உங்க மூலையில மஞ்சளாத் தெரியறது மிச்சம்தான். முக்கால்வாசி கீழே இறங்கியிருக்கும். ரெண்டடி வழிக்கறது, பல்லு வலிக்கு கன்னத்துல பத்துப் போடற கதை.

ராணிப்பேட்டை சிப்காட்ல தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் குவியலைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1975ல தொடங்கி 1990கள் நடுவுல மூடின கம்பெனி. தோல் பதனிடற குரோம் பவுடர் பண்ணினாங்க. குரோமைட் தாதுவோட சோடா, சுண்ணாம்பு கலந்து ஆயிரம் டிகிரிக்கு மேல வறுத்து, தண்ணி ஊத்திக் கரைச்சு எடுப்பாங்க. எடுத்தது போக மிஞ்சின சக்கையை வளாகத்துலயே மலையாக் கொட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தச் சக்கையில ஹெக்ஸா முழுசா வெளியே வந்திருக்காது. மழை பெய்யப் பெய்ய வருஷக்கணக்கா வடிஞ்சுக்கிட்டே இருக்கும். 2006ல நியூயார்க்கோட பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகத்துலயே மோசமான பத்து இடம்னு பட்டியல் போட்டப்போ அதுல ராணிப்பேட்டையும் இருந்துச்சு. குவியல் 15 லட்சம் டன்.

2019ல அந்தப் பக்கம் போனப்போ எட்டிப் பார்த்தேன். மழை விட்டு ரெண்டு நாள் ஆகியிருந்தது. காம்பவுண்டுக்கு வெளியே வாய்க்கால்ல எலுமிச்சம்பழ ஜூஸ் மாதிரி தண்ணி. கோயில் திருவிழாவுல மஞ்சத் தண்ணி ஊத்திக்கற ஊருக்கு இதெல்லாம் வித்தியாசமாவே தெரியாது போல. ரெண்டு ஆடு அதை மிதிச்சுக்கிட்டுதான் போச்சு.

4 ஆகஸ்ட், மதியம்

15 லட்சம் டன்னுனு எழுதினேன். தப்பு. அந்த அமைப்போட அறிக்கையில அப்படித்தான் இருந்துச்சு, நானும் இத்தனை வருஷமா அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்போ சாப்பிட்டுட்டுச் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே அறிக்கையில ரெண்டு ஹெக்டேர், மூணு முதல் அஞ்சு மீட்டர் உசரம்னு இருக்கு. அதிகபட்சம் ஒரு லட்சம் கன மீட்டர். அதுல 15 லட்சம் டன்னுன்னா ஒரு கன மீட்டர் 15 டன். பாதரசமே 13.5 டன்தான்! சைபர் ஒண்ணு கூடப் போயிருக்கு. ஒன்றரை லட்சம்னு வெச்சா மண்ணோட எடைக்குச் சரியா வருது. பத்திரிகையில 2.27 லட்சம்னும் போடறாங்க. எப்படியும் லட்சக்கணக்குதான், ஆனா 15 இல்லை.

6 ஆகஸ்ட்

மேலே ஒருத்தர், "தோல் ஷாப் கழிவுதானே இதெல்லாம்"னு கேட்டிருக்கார். இந்தக் குழப்பம் எங்க ஊர்லயே உண்டு, அதனால கோவிச்சுக்கலை.

தோல் ஷாப்ல பயன்படுத்தற பவுடர் குரோமியம் மூணு. கழிவுநீர்ச் சகதியில இருக்கறதும் பெரும்பாலும் மூணு. அது நல்லதுன்னு சொல்ல வரலை. உப்பு இருக்கு, சல்பைடு இருக்கு, ஆள் செத்திருக்காங்க. 2015 ஜனவரி 31 விடியறதுக்குள்ள ராணிப்பேட்டை சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல சகதித் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்துத் தோல் ஷாப்ல தூங்கிக்கிட்டிருந்த பத்துப் பேர் போயிட்டாங்க. ஆனா அது வேற கணக்கு. பவுடரைச் செய்யற ஃபேக்டரி சக்கை, பிளேட்டிங் தொட்டித் தண்ணி, இது ரெண்டும்தான் ஹெக்ஸா. தம்பியோட மனை ரெண்டாவது வகை. அதுல ஒரு நல்லதும் இருக்கு, ஒரு கெட்டதும் இருக்கு. சக்கையில சுண்ணாம்பு ஊறி, காரம் ஏறி பி.ஹெச். 11, 12னு நிக்கும், ஆறை மூணாக்கற மருந்தே பிடிக்காது. பிளேட்டிங் மனையில அந்தத் தொல்லை இல்லை. கெட்டது என்னன்னா, இது முழுக்கக் கரைசலாவே கொட்டினது. ஏற்கெனவே நடையைக் கட்டியிருக்கும்.

9 ஆகஸ்ட்

எப்படிச் சோதிக்கறதுன்னு மூணு பேர் கேட்டுட்டீங்க.

டைஃபினைல்கார்பசைடுன்னு ஒரு மருந்து. அசிட்டோன்ல கரைச்சு வெச்சுக்கிட்டு, தண்ணியில துளி ஆசிட் விட்டு இதை ஊத்தினா, ஹெக்ஸா இருந்தா சட்டுன்னு ஊதாச் சிவப்பா மாறும். பீட்ரூட் வெந்த தண்ணி மாதிரி. கண்ணுக்கு மஞ்சளே தெரியாத தண்ணியில கூட இது பிடிச்சுடும். குடிநீருக்கு நம்ம தர நிர்ணயம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மஞ்சள் கண்ணுக்குத் தெரியவே சுமார் ஒரு மில்லிகிராம் வேணும். அதாவது தண்ணி மஞ்சளா இருக்கேன்னு நீங்க சொல்றப்பவே இருபது மடங்கு தாண்டியாச்சு. தெளிவா இருக்குன்னு குடிக்கறவங்கதான் பாவம்.

மண்ணுல எடுக்கறது வேற வித்தை. இங்கே நான் பண்ணின அசிங்கத்தைச் சொல்லிடறேன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் வருஷம், ஒரு பழைய ஷெட்டோட மண்ணு வந்துச்சு. வழக்கம் போல ஆசிட்ல வேக வெச்சுட்டேன். அப்புறம் மருந்து விட்டா நிறமே வரலை. "ஹெக்ஸா இல்லை"ன்னு தட்டச்சு பண்ணிக் கையெழுத்தும் போட்டாச்சு. மண்ணுல இருக்கற இலை, வேர் மக்கு எல்லாம் ஆசிட்ல ஹெக்ஸாவை மூணாக் குறைச்சுடும்ங்கறது எனக்கு அப்போ உறைக்கலை. காரக் கரைசல்ல, பி.ஹெச். 11.5க்கு மேல வெச்சு, 90 டிகிரிக்கு மேல ஒரு மணி நேரம் சூடு பண்ணி எடுக்கணும். அப்போதான் இருக்கறது இருக்கற மாதிரி வரும். ஆறு மாசம் கழிச்சு ஒரு பெரியவர் வந்து மிச்ச மண்ணை எடுத்துப் பண்ணிக் காட்டினார். குடுவை முழுக்க ஊதா. எனக்கு முகம் முழுக்கச் சிவப்பு.

அந்த ஷெட் இடத்துல அதுக்குள்ள வீடு எழும்பிடுச்சு. போய்ச் சொன்னோம். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: "முதல் பேப்பர் பொய்யா, ரெண்டாவது பேப்பர் பொய்யா?"

அதனால லேப்ல கொடுக்கறப்போ "மொத்த குரோமியமா, ஹெக்ஸாவா, ஹெக்ஸான்னா எந்த முறையில எடுக்கறீங்க"ன்னு கேளுங்க. விழிச்சாங்கன்னா வேற லேப் பாருங்க.

10 ஆகஸ்ட்

எவர்சில்வர்லயும் குரோமியம் இருக்கேன்னு கேட்டவருக்கு: டம்ளரைத் தூக்கிப் போட வேண்டாம். அது உலோகக் குரோமியம், வேற ஆளு. காபி குடிங்க.

17 ஆகஸ்ட்

தம்பி மூணு மாதிரி மண் எடுத்துக் கொடுத்து ரிசல்ட் வாங்கியிருக்கார். மஞ்சள் மூலையில அரை அடியில கிலோவுக்கு 410 மில்லிகிராம் ஹெக்ஸா. அதே இடத்துல நாலடியில 190. வாசல் பக்கம் ஒண்ணும் இல்லை. நாலடியில 190 இருக்கறப்போ ரெண்டடி வழிக்கற பேச்சு அன்னிக்கே முடிஞ்சுது. ஆனாலும் புரோக்கர் கணக்கையே பார்ப்போம், என்ன ஆகுதுன்னு.

மஞ்சள் மூலையைச் சுத்தி ஒரு சென்ட் அளவு, ரெண்டடி ஆழம்னு வெச்சா: 24 கன மீட்டர், கிட்டத்தட்ட 39 டன் மண். தோண்டினா மண் உப்பிப் பெருகும், டிப்பர்ல நாலு லோடு வரும். இந்த நாலு லோடு எங்கே போகும்? முறையாப் போனா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இருக்கற அபாயக் கழிவு நிலக்குழிக்குப் போகணும். அதுக்கு முன்னே கசிவுச் சோதனை பண்ணணும். அசிட்டிக் ஆசிட்ல குலுக்கிப் பார்த்து லிட்டருக்கு 5 மில்லிகிராம் குரோமியம் தாண்டினா அது அபாயக் கழிவு. வண்டிக்கு ரசீது, எடைச்சீட்டு எல்லாம் உண்டு. நடைமுறையில டிரைவர் ராத்திரியில ஏரிக்கரை ஓரம் சாய்ச்சுட்டு வந்துடுவான். அப்போ உங்க மனை சுத்தம், ஏரி அசுத்தம். நமக்கு அதுக்குப் பேரு வேலை முடிஞ்சுது.

இன்னொரு வழி, இருந்த இடத்துலயே ஆறை மூணாக்கறது. நாட்டு மருந்துக் கடையில கிடைக்குமே அன்னபேதி, அதான் மருந்து. இரும்பு உப்பு. சராசரி 300 மில்லிகிராம்னு வெச்சா அந்த 39 டன்னுல ஹெக்ஸா சுமார் 12 கிலோதான். ஒரு கிலோ ஹெக்ஸாவுக்கு 9 கிலோ அன்னபேதி. ஆகமொத்தம் நூத்திப் பத்து கிலோவுக்குள்ள. ரெண்டு மூட்டை, அவ்வளவுதான். கேக்கவே ஆச்சரியமா இருக்கும்.

18 ஆகஸ்ட்

ஆச்சரியமா இருந்ததுக்குக் காரணம் நான் தப்பாப் போட்டது. கடையில கிடைக்கற பச்சை அன்னபேதியில தண்ணியும் சேர்ந்திருக்கு, ஒரு மூலக்கூறுக்கு ஏழு. எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணிதான். நான் உலர்ந்த உப்புக்குக் கணக்குப் போட்டுட்டேன். ஒரு ஹெக்ஸாவுக்கு மூணு இரும்பு, 834ஐ 52ஆல வகுத்தா 16. ஆக கிலோவுக்கு 16 கிலோ, மொத்தம் 190 கிட்ட. அதுவும் ஏட்டுக் கணக்கு. காத்துல பாதி துருவாப் போயிடும், ரெண்டு மூணு மடங்கு போட்டாத்தான் நம்பிக்கை. அரை டன்னுனு வெச்சுக்கோங்க.

சுட்டிக் காட்டின கெமிஸ்ட்ரி டீச்சருக்கு நன்றி. சின்ன வயசுல கூட இப்படித்தான் ஒரு டீச்சர் நோட்டைத் தூக்கி எறிஞ்சாங்க.

24 ஆகஸ்ட்

"அன்னபேதியோட சுண்ணாம்பும் சேர்த்துப் போடலாமா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். போடலாம். எது முதல்லங்கறதுலதான் இருக்கு விஷயமே.

பேர் சொல்ல மாட்டேன், ஒரு மூடின ஷெட்ல காண்டிராக்டர் ஒருத்தர் மண்ணைச் "சுத்தப்படுத்தற" வேலை எடுத்திருந்தார். மாதிரி எடுக்க மட்டும் நான் போனேன். காலையில போனா தரை முழுக்க வெள்ளை. சுண்ணாம்பைத் தூவித் தண்ணியும் அடிச்சாச்சு. "ஆசிட் மண்ணு சார், முதல்ல அதை அடக்கிட்டு அப்புறம் அன்னபேதி"ன்னார். கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கும். நம்ம செம்மண்ணுல இரும்புத் துரு நிறைய. மண்ணு புளிப்பா இருக்கற வரைக்கும் அந்தத் துரு ஹெக்ஸாவைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சிருக்கும். காரம் ஏறினதும் பிடியை விட்டுடும். மதியத்துக்குள்ள பள்ளத்துல நின்ன தண்ணி பச்சை மஞ்சளா மாறிடுச்சு. அதுக்கு மேல அன்னபேதியைக் கொட்டினாங்க. காரத்துல அது ஒரு சாண் கூட இறங்காம மேலேயே துருவா உறைஞ்சு போச்சு. மேலே காவி, கீழே மஞ்சள். வடிகால்ல மஞ்சள் ஓடறதைப் பார்த்துட்டு மேஸ்திரி கேட்டார்: "சார், இது நல்லதா வெளியே வருதா?"

முதல்ல அன்னபேதி, நல்லாக் கலந்து, ஈரத்துல ஊற விட்டு, ஹெக்ஸா போச்சான்னு சோதிச்சு, அதுக்கப்புறம் சுண்ணாம்பு. பி.ஹெச். எட்டு, எட்டரையில மூணு கரையாம உட்கார்ந்துடும்.

வீட்டுல யாரும் இதைத் தானாப் பண்ணிப் பார்க்காதீங்க. அந்த மண்ணுத் தூசி மூக்குல போறதுதான் மெயின் ஆபத்து. குரோமேட் வேலை பார்த்த பழைய ஆளுங்களுக்கு மூக்குத் தண்டு உள்ளுக்குள்ள ஓட்டை விழுந்திருக்கும். நான் ஒருத்தரைப் பார்த்திருக்கேன். மூக்குப்பொடி டப்பாவைக் காட்டி, "இதுக்குக் குறுக்கு வழி கிடைச்சுடுச்சு"ன்னு சிரிப்பார். நுரையீரல் புற்றுநோய் வரும்ங்கறதும் சந்தேகமில்லாம நிரூபணமானது.

24 ஆகஸ்ட், இரவு

சேர்க்க மறந்துட்டேன். கொத்தனார் கையில வெடிப்பும் அரிப்பும் வருதே, அதுக்கும் சிமெண்ட்ல இருக்கற துளி ஹெக்ஸா ஒரு காரணம். ஐரோப்பாவுல 2005லேர்ந்து சிமெண்ட்ல பத்து லட்சத்துல ரெண்டு பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். அதுக்கு அவங்க சிமெண்ட்ல கலக்கறதும் அன்னபேதிதான்.

2 செப்டம்பர்

வெட்டிவேர் நட்டா உறிஞ்சிடுமாம். வாட்ஸ்அப்ல வந்துச்சாம். சூரியகாந்தி, வெட்டிவேர், ஆகாயத்தாமரைன்னு பெரிய பட்டியல். குரோமியத்தைப் பெரும்பாலான செடிங்க வேரோட நிறுத்திக்கும், தண்டுக்கு ஏத்தாது. 39 டன்னுல 12 கிலோவை வெட்டிவேர் உறிஞ்சறதுக்குள்ள தம்பியோட பேரன் பத்திரம் எழுதிக்கிட்டிருப்பான். விசிறி பண்ணலாம், பானைத் தண்ணியில போடலாம். போடாதீங்க, அந்த மண்ணு வேரை!

11 செப்டம்பர்

வெட்டிவேரைப் பத்தி ரொம்ப எகத்தாளமா எழுதிட்டேனோன்னு இருக்கு. உறிஞ்சாதுங்கறதுல மாத்தமில்லை. ஆனா வெறுந்தரையா விடறதுக்குப் பதில் வேர் பிடிச்ச நிலமா இருந்தா தூசி பறக்காது, மண் அரிக்காது, மழைத்தண்ணியில ஒரு பங்கைச் செடியே குடிச்சுடும், அந்த அளவுக்குக் கீழே இறங்கறது குறையும். வேரைச் சுத்தி இருக்கற மக்கும் கிருமிகளும் கொஞ்சம் ஆறை மூணாக்கும். சர்க்கரை ஆலை மொலாசஸைத் துளை போட்டு மண்ணுக்குள்ள இறக்கறதும் இதே தத்துவம்தான். கிருமி தின்னுட்டு ஆக்சிஜனைத் தீர்த்துடும், அப்புறம் ஹெக்ஸா நிக்க முடியாது. வைத்தியம் இல்லை, பத்தியம்னு வேணா சொல்லலாம்.

அன்னபேதி விஷயத்துலயும் ஒரு சந்தேகம் உறுத்துது. மூணாக்கிட்டா முடிஞ்சுதுன்னு எழுதினது பெரும்பாலும் சரி. ஆனா மண்ணுல கறுப்புக் கறுப்பா மாங்கனீஸ் பொட்டு இருந்தா, அது மூணைத் திருப்பி ஆறாக்கும். மெதுவாத்தான், ஆனா ஆக்கும். அதனால மருந்து போட்டு ஒரு வருஷம் கழிச்சும் ஒருதரம் மழைக்குப் பின்னாடி சோதிக்கணும்.

ராணிப்பேட்டைக் குவியலுக்கும் அன்னபேதி அடிக்கலாமேன்னு கேட்டவருக்கு: அங்கே சுண்ணாம்பு ஊறின சக்கை. மருந்து மேல்தோல்லயே தீர்ந்துடும், உருண்டைக்குள்ள இருக்கறது பிறகு மெல்லக் கசியும். போதாததுக்கு சல்பேட் சேர்ந்தா அது உப்பி எழும்பும். மேலே போட்ட சிமெண்ட் தளத்தையே தூக்கிடும். வளைச்சு மூடி, சுத்தி மழைத்தண்ணியைத் திருப்பி, கீழே கசியறதைப் பிடிச்சு இறைச்சுச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கறது ஒரு வழி. அது நூறு வருஷ வேலை. தோண்டி எடுக்கறதுன்னா, இத்தனை லட்சம் டன்னை எங்கே வைக்கறது?

28 செப்டம்பர்

வெளியூர்க் கதை கேட்டவங்களுக்கு.

அமெரிக்காவுல நியூஜெர்சி ஹட்சன் கவுண்டியில இதே சக்கையைப் "நல்ல மேட்டு மண்ணு"ன்னு பள்ளம் ரொப்ப விட்டாங்க. மேலே வீடு, பள்ளிக்கூடம். அப்புறம் நிலவறைச் சுவர்ல மஞ்சளும் பச்சையுமாப் படிகம் பூக்க ஆரம்பிச்சுது. நம்ம சுவர்ல உப்பு பூக்கற மாதிரியேதான், கலர் மட்டும் வேற. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவுல ஒரு குரோமேட் ஆலை 1960கள்ல மூடினது. அந்தப் பக்கத்து ஓடை இப்பவும் சில நேரம் பளீர்ப் பச்சையா ஓடுது. மூடி அறுபது வருஷம் ஆகப் போகுது.

எனக்குப் பிடிச்சது வட கரோலினா எலிசபெத் சிட்டி. கடலோரக் காவல்படை விமானத் தளத்துல ஒரு பிளேட்டிங் பட்டறை, தம்பியோட மனை மாதிரியே, ஆனா முப்பது வருஷம் ஓடினது. தரைக்கடியில ஹெக்ஸா ஆத்தைப் பார்க்க நடந்துக்கிட்டிருந்துச்சு. துரத்திப் பிடிக்கலை அவங்க. 1996 ஜூன்ல குறுக்கே ஒரு பள்ளம் வெட்டினாங்க: 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், அகலம் வெறும் 0.6 மீட்டர். அது நிறைய இரும்புத் தூள். தண்ணி அது வழியா நடந்து போறப்போ இரும்பு துருப்பிடிக்கும், ஆறு மூணாகி அங்கேயே தங்கிடும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிருந்தா மட்டும்தான் இது நடக்கும். அதான் முதல் நாளே கேட்டேன், கழுவின தண்ணி எந்தப் பக்கம் போச்சுன்னு. தம்பி இன்னும் பதில் சொல்லலை.

26 அக்டோபர்

தீபாவளிக்குப் பின்னாடி தம்பி போன் பண்ணி, "நேர்லயே வந்து பாருங்கண்ணே"ன்னார். போனேன். முந்தின ராத்திரி நல்ல மழை.

மஞ்சள் மூலையில ஒரு மரப்பெட்டி அளவுக்குத் தண்ணி தேங்கி நிக்குது. டீ வடிகட்டி விட்ட மாதிரி நிறம். பின் சுவர் செங்கல்ல முழங்கால் உசரத்துக்கு ஒரே நேர்கோடா மஞ்சள் பூத்திருக்கு, யாரோ நூல் பிடிச்சுச் சுண்ணாம்படிச்ச மாதிரி. அந்தக் கோட்டுக்குக் கீழே செங்கல் பொரிஞ்சு உதிருது. தரைக்குள்ள இருக்கற ஈரம் திரி மாதிரி மேலே ஏறி, காஞ்சு, உப்பை விட்டுட்டுப் போன அடையாளம். தம்பி விரலால தொடப் போனார், கையைத் தட்டி விட்டேன்.

டீக்கடை விசாரணையில விவரம் கிடைச்சுது. பட்டறையில எலக்ட்ரீஷியனா இருந்தவர் சொன்னார்: தொட்டி அந்த மூலையில. கழுவின தண்ணிக்குக் குழாய் போட்டுப் பின் பக்கம் ஒரு குழி. குழிக்கு அடி கட்டலை. "கட்டினா ரொம்பிடுமே சார், கட்டாம விட்டா அதுபாட்டுக்கு இறங்கிடும்."

பின் பக்கம் ஒரு ஓட்டு வீடு. இருபதடி தள்ளி உறைக் கிணறு. ஒரு ஆயாவும் ரெண்டு மாடும். சோதனை மருந்துப் பெட்டி கையிலேயே இருந்துச்சு. ஒரு டம்ளர் தண்ணி கேட்டேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு தண்ணி. ரெண்டு துளி ஆசிட், மருந்து, எண்ணி முப்பது விநாடி. ஊதா.

ஆயா பார்த்துட்டு, "நல்ல கலரா இருக்கே"ன்னாங்க.

27 அக்டோபர்

குடிக்கறது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணியாம். கிணத்துத் தண்ணி குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. குழாய் வராத நாள்ல சமையலுக்கும். "கொதிக்க வெச்சா போயிடுமா தம்பி?"ன்னாங்க. போகாதும்மா, தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாகும்னேன். "அப்போ சோத்துக்குத்தான் கெட்டி"ன்னு உள்ளே போயிட்டாங்க. மாட்டுத் தொட்டியை மட்டும் அன்னிக்கே கவிழ்த்தோம். கிணத்துல பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் பண்ணலாமான்னு தம்பி கேட்டார். வேண்டாம், அது ஹெக்ஸாவை ஒண்ணும் பண்ணாது, கிடக்கற மூணையும் ஆறாக் கிளப்பி விட்டாலும் விடும்.

மூணு மாசமா இந்த மூணு சென்டைத்தான் பேசிக்கிட்டிருந்தேன். ரெண்டடியா நாலடியா, ரெண்டு மூட்டையா அரை டன்னா. சுவத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கணும்னு எனக்கே தோணலை, கிணத்தை விசாரிங்கன்னு முதல் நாள் எழுதினவன் நான்தான்.

9 நவம்பர்

யார் செலவு பண்ணணும்னு சட்டம் கேட்டவருக்கு. கெடுத்தவன்தான் கட்டணும்ங்கறது நம்ம வேலூர்த் தோல் ஷாப் வழக்குலயே உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ல சொன்னது. இப்போ 2025 ஜூலையில மத்திய அரசு, மாசுபட்ட இடங்களைக் கண்டுபிடிச்சுச் சுத்தம் பண்றதுக்குன்னே தனி விதிகள் போட்டிருக்கு. சந்தேகப்படற இடத்தை மாவட்ட நிர்வாகம் சொல்லணும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்கணும், பொறுப்பாளி யாருன்னு பிடிக்கணும், ஆள் கிடைக்கலைன்னா அரசாங்கம் பண்ணணும். நாடு முழுக்க 103 இடம் அடையாளம் கண்டு, ஏழுலதான் வேலை தொடங்கியிருக்காங்கன்னு செய்தி. மூணு சென்ட் பட்டறை அந்த வரிசையில எத்தனாவதா வரும்னு நீங்களே பார்த்துக்கோங்க. ஆனாலும் மனு கொடுக்காம வரிசையில நிக்கவே முடியாது. திங்கக்கிழமை குறைதீர்ப்பு நாள்ல ஆயா பேர்ல எழுதிக் கொடுத்துட்டு வந்தோம். ரசீது நம்பர் தம்பி போன்ல இருக்கு.

தம்பி மனையை வாங்கலை. அட்வான்ஸ் பத்தாயிரம் ஏற்கெனவே கொடுத்திருந்தாராம், இப்போதான் சொல்றார்! போனது போனதுதான்.

14 டிசம்பர்

ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கார் தம்பி. "மூணு சென்ட், சதுர மனை, அருமையான செம்மண் பூமி, உடனே வீடு கட்டலாம்." போட்டோவுல தரை முழுக்கப் புது செம்மண், ரோலர் விட்டுச் சமமா இருக்கு. விலை முழு விலை. பின் சுவரை மட்டும் பூச மறந்துட்டாங்க. பெரிசாக்கிப் பார்த்தா முழங்கால் உசரத்துல அந்தக் கோடு தெரியுது.

அதுல இருக்கற நம்பருக்கு நான் வாங்கற மாதிரி போன் பண்ணினேன். எடுத்த மண்ணை எங்கே கொட்டினீங்கன்னு கேட்டேன். "பக்கத்துலயே ஒரு ஆயா வீட்டுப் பள்ளம் இருந்துச்சு சார், அவங்களுக்கும் உபகாரமாப் போச்சு"ன்னார்.

நாளைக்குக் காலையில போறோம். மருந்துப் பெட்டி, கையுறை, ரெண்டு பெரிய தார்ப்பாய். வாலாஜா பக்கம் இருக்கறவங்க யார்கிட்டயாவது பழைய தார்ப்பாய் இருந்தா எடுத்துட்டு வாங்க, மழைக்கு முன்னாடி அந்தக் குவியலை மூடணும்.